‘போதும் தூக்கம்’ என்று சொல்வது யார்?



இரவானால் கொட்டாவி வருகிறது. நன்றாகத் தூங்கிய பிறகு, யாரும் எழுப்பாமலே கண் திறந்துகொள்கிறது. ‘இவ்வளவு தூங்கினால் போதும்’ என்று உள்ளேயிருந்து சொன்னது யார்? இப்படிக் கேட்கத் தோன்றுகிறதா? சபாஷ்! அறிவியல் இப்படித்தான் தொடங்கும்.

சொல்வது உங்கள் மூளைச் செல்கள்தான். அவை இரண்டு விஷயங்களைக் கவனிக்கின்றன. ஒன்று, இப்போது பகலா, இரவா? இரண்டு, எவ்வளவு நேரம் விழித்திருந்தோம்?

முதல் விஷயத்துக்கு மதுரை வரை போய்வருவோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் இருந்தார். அவரும் ஜி. மாரிமுத்து முதலியோரும் இருட்டுக் குகைக்குள் வௌவால்களைக் கூண்டில் வைத்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் 1981-இல் வெளிவந்தன. குகையில் மற்ற வௌவால்கள் இருந்தால், கூண்டு வௌவாலும் அவை கிளம்பும் நேரத்துக்குச் சிறகடித்தது. தனியாக இருந்தபோதும் ஓய்வும் பறத்தலும் மாறி மாறி வந்தன. ஆனால் அந்த நேரம் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போனது.

சூரியனே தெரியாத இடத்தில் நேரம் எப்படித் தெரிந்தது? உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது! பாலூட்டிகளுக்கு அது கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. மனித மூளையில் அங்கே சுமார் 20,000 செல்கள். கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து அவை தினமும் நேரத்தைத் திருத்திக்கொள்கின்றன.

இதுவரை புரிந்ததா? சரி, இரண்டாவது விஷயம்.

பட்டாசு வெடிக்க வெடிக்கத் தெருவில் காகிதத் துண்டுகள் குவியும். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவா வேண்டும்? மூளையிலும் அப்படித்தான். செல்கள் ஏ.டி.பி. என்ற பொருளிலிருந்து ஆற்றல் எடுக்கின்றன. அது சிதையும்போது அடினோசின் மிஞ்சுகிறது. விழித்திருக்கும் நேரம் கூடக் கூட அது சேர்கிறது. தூங்கும்போது குறைகிறது. அதிக நேரம் விழித்திருந்தால் அடுத்த தூக்கம் ஆழமாக வருவது இதனால்தான்.

அடினோசின் சேர்ந்ததும் நம்மை விழிக்கவைக்கும் செல்கள் வேகம் குறைகின்றன. மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸ் என்ற பகுதியின் முன்பக்கத்தில், தூங்கவைக்கும் செல்கள் உள்ளன. 1996-இல் எலிகளிடம் இவற்றைக் கண்டறிந்தார்கள். இவை விழிக்கவைக்கும் செல்களை அடக்க, நாம் தூங்கிப்போகிறோம். தூங்கத் தூங்க அடினோசின் குறைந்து, கடிகாரமும் பகல் என்று காட்டும்போது, ‘போதும் தூக்கம்’ என்கின்றன மூளைச் செல்கள்!

காபி குடித்தால் தூக்கம் வராதது ஏன்? காபியிலுள்ள காஃபீன், அடினோசின் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசின் குறையவில்லை, அது வந்திருப்பது செல்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தூங்கும் அளவு எல்லாப் பாலூட்டிகளுக்கும் ஒன்றல்ல. போட்ஸ்வானாக் காட்டில் ஆராயப்பட்ட இரண்டு யானைகள் நாளுக்குச் சராசரியாக 2 மணி நேரமே தூங்கின. 6 முதல் 12 வயது வரையுள்ள உங்களுக்கோ 9 முதல் 12 மணி நேரம் தேவை. அது சோம்பல் இல்லை, கண்ணுகளா. பகலில் படித்த பாடத்தை மூளை தூக்கத்திலும் பதியவைக்கிறது.

ஒரு சோதனை செய்வோமா? ஒரு வாரம், படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். லீவு நாளில் மட்டும் வெகுநேரம் தூங்குகிறீர்களா? அப்படியென்றால் பள்ளி நாட்களில் தூக்கம் போதாமல் இருக்கலாம். வாரம் முடிந்த இரவு முதலே அரை மணி நேரம் முன்னதாகப் படுக்கப் போங்கள். அடுத்த வாரக் கணக்கில் என்ன மாறியது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்!