சக்கரத்தின் மேல் ஒரு வீடு

செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் நின்று இராசகிரியை அண்ணாந்து பார்ப்பவர்கள் முதலில் மதில்களைக் கண்டே வியப்பார்கள். மலைமேலுள்ள சுனையையும், கீழேயுள்ள செட்டிகுளத்தையும் சக்கரகுளத்தையும், தானியக் களஞ்சியத்தையும் நின்று பார்ப்பவர் சிலரே. ஆயினும் 1690 முதல் 1698 வரை நீடித்த மொகலாயர் முற்றுகையில், மதில்களைப் போலவே நீரும் தானியமும் உள்ளிருந்தோரைக் காத்தன.

2025 சூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில், மராட்டியர் கோட்டைகளின் தொகுதியில் செஞ்சியும் இடம்பெற்றது. அச்செய்தியைப் படித்த என் நண்பர் ஒருவருக்கு, கோட்டை கோட்டையாகக் குடும்பத்தோடு சென்று வரவேண்டும் என்ற ஆசை பிறந்தது. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். படுக்கையும் அடுப்பும் அமைந்த பழைய கேரவன் ஒன்று செஞ்சியில் விலைக்கு நிற்பதாகக் கேள்வியுற்று, மார்கழியில் என்னையும் உடனழைத்துச் சென்றார். கையிலிருந்தது பணிக்கொடைப் பணம். போனால் மீண்டும் சேராது.

மாணவ நண்பர்களே, கேரவன் என்பது பாதி வண்டி, பாதி வீடு. வாங்கப் போகிறவர் வீட்டைப் பார்த்து மயங்கி, வண்டியை மறந்துவிடுகிறார். நண்பரின் துணைவியாரும் திரைச்சீலையையும் குட்டி அடுப்பங்கரையையும் கண்டு மகிழ்ந்துபோனார். நாங்களோ வெளியிலிருந்தே தொடங்கினோம். இயந்திரத்தை முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். குளிர்ந்த நிலையில் கிளப்பும்போதுதான் அதன் நோய் தெரியும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். நின்றே கிடக்கும் வண்டியில் டயர் தேய்வதில்லை, ஆனால் மூப்படைகிறது. பார்வைக்குப் புதிது போலிருப்பதை நம்பலாகாது.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு சென்றது நல்லதாயிற்று. கூரையும் சுவரும் கூடும் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தோம். பலகை அமுங்கினாலும், பழுப்புக் கறை தெரிந்தாலும், பூஞ்சை வாடை வந்தாலும் உள்ளே நீர் புகுந்திருக்கிறது என்றறியலாம். அழகிய ஒட்டுத்தாளுக்குப் பின்னால் மரம் உளுத்துப் போயிருக்கும்.

மின்சாரத்தைக் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 1,200 வாட்-மணி ஆற்றல் உண்டு. ஈய அமில மின்கலமாயின், அதில் பாதிக்கு மேல் செலவிட்டால் ஆயுள் குறையும். எஞ்சிய 600-ல் 30 வாட் விசிறி இருபது மணி நேரம் சுழலும்; 1,000 வாட் குளிரூட்டியோ முக்கால் மணி நேரம்கூட ஓடாது. செஞ்சிப் பாறைகள் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் உமிழ்வதை அறிந்தவர்க்கு இக்கணக்கின் அருமை விளங்கும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே கசிந்தால் தரையில் தங்கும். அது வெளியேறும் துளை தரையோரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் இணைப்புகளுக்குச் சோப்பு நீர் தடவிச் சோதிக்கலாம். தீக்குச்சி கூடவே கூடாது.

பதிவுச் சான்றிதழிலுள்ள இயந்திர எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் வண்டியிலுள்ள எண்களோடு ஒப்பிட்டோம். கடன் குறிப்பு ஏதேனும் உள்ளதா என்றும் நோக்கினோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியை மனம்போனபடி மாற்றிக் கட்டுவதற்குத் தடை விதிக்கிறது. வேனாகப் பதிவான வண்டிக்குள் வீடு கட்டியிருந்தால், அம்மாற்றம் சான்றிதழில் ஏறியிருக்க வேண்டும். இந்த வண்டியில் ஏறியிருந்தது.

இதுவரை குறையொன்றுமில்லை. நண்பர் முன்பணம் எடுக்கப் பையில் கையை விட்டார். எடைமேடைக்கும் ஒருமுறை போய்வரலாம் என்றேன், விற்பவர் முகம் சுளித்தார், இருந்தும் வந்தார். சான்றிதழ்படி சுமையோடு கூடிய உச்ச எடை 3,500 கிலோ. ஓட்டுநரும் இறங்கிவிட, தொட்டியும் வறண்டிருக்க, வெறும் வண்டியே 3,260 கிலோ காட்டியது. மீதி 240. நண்பர் குடும்பத்தில் நால்வர். சுமார் 260 கிலோ. நூறு லிட்டர் நீரை நிரப்பினால் மேலும் நூறு கிலோ. துணிமணி, பாத்திரங்களைக் கணக்கில் சேர்க்காமலேயே 120 கிலோ மிகை! பிரேக்கும் டயரும் அச்சும் இந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கட்டியவர் கனத்த பலகைகளால் அலமாரி அலமாரியாக அடுக்கியிருந்தார். வாங்குவோர் கண்ணைக் கவர்ந்தவையும் அவைதாம்.

நண்பர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். துணைவியாருக்கு வருத்தந்தான். முதலில் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து இரண்டு இரவு தங்கிப் பார்ப்பதென்று இப்போது முடிவாகியிருக்கிறது. 2021-இல் கேரவன் சுற்றுலாவை அறிவித்த கேரளத்துக்கே போகலாம் என்கிறார். அதன்பின் வேறு வண்டி பார்க்கும்போது, எடைமேடைக்கு வரச் சம்மதமா என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடப் போகிறாராம்.