பாகம்பிரியாள் சந்நிதியும் அடையாற்றுத் தொண்டும்

தூத்துக்குடி சிவன் கோயிலில் சங்கர ராமேஸ்வரருடன் எழுந்தருளியிருக்கும் அம்பிகைக்குப் பாகம்பிரியாள் என்பது திருநாமம். இறைவன் திருமேனியில் பாதியாகி, அப்பாகத்தை விட்டுப் பிரியாதவள். முத்துக்குளித்த அந்தக் கடற்கரை ஊரில், தாய்மார்கள் மனத்தில் உள்ளதையெல்லாம் அவளிடம் கொட்டிவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். ஆனால் மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டால், அதை அம்பாளிடம் மட்டும் சொல்லிவிட்டு, பெற்ற மகளிடம்கூட மறைப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கூச்சம் ஒரு காரணம். ‘வலி இல்லையே’ என்ற எண்ணம் மற்றொன்று. மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதுதான் அந்நோயின் வஞ்சகம்.

முத்துநகர் விரைவு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து, காலையில் எழும்பூரில் இறங்கி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்லும் தென்கோடிக் குடும்பங்கள் உண்டு. அந்த மருத்துவமனை ஒரு தமக்கையின் துயரத்தில் பிறந்தது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண்கள் பள்ளிப் படிப்பைத் தாண்டுவதே அரிதாக இருந்த காலத்தில், 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோய்க்கு இரையானார். தாமே மருத்துவராயிருந்தும் காப்பாற்ற இயலவில்லை. சூலை நோயால் துடித்து வந்த தம்பிக்குத் திருநீறு அளித்து, அதிகை வீரட்டானத்து இறைவன்முன் அழைத்துச் சென்ற திலகவதியாரின் பேறு இந்தத் தமக்கைக்கு வாய்க்கவில்லை. ஆயினும் துயரைத் தொண்டாக்கிய வகையில் இருவரும் ஒரே வழி நின்றவர்கள்.

அந்தத் தொண்டு கனிய முப்பது ஆண்டுகள் ஆயின. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று, சிறு குடில்களில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 67! பேரப்பிள்ளைகளோடு அமர்ந்திருக்க வேண்டிய வயதென்று அவர் எண்ணியிருந்தால், எத்தனை குடும்பங்களில் விளக்கு அணைந்திருக்குமோ!

மறு ஆண்டு, 1955-இல், வி. சாந்தா என்ற இளம் மருத்துவர் வந்து சேர்ந்தார். அரசுப் பணி கிடைத்தும் அதனை ஏற்கவில்லை. முதல் மூன்றாண்டுகள் ஊதியமின்றியே உழைத்தார். பின்னர் கிடைத்தது மாதம் 200 ரூபாய். மருத்துவமனை வளாகமே அவருக்கு வீடாயிற்று. திருமணம் செய்துகொள்ளவில்லை. முற்றிய நிலையில் வரும் மார்பகப் புற்றுக்கு, மருந்தும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அதன்பின் அறுவை செய்யும் முறையை அம்மருத்துவமனை வளர்த்தெடுத்தது. மகசேசே விருதும் பத்ம விபூஷணும் அவரைத் தேடி வந்தன. 2021 ஜனவரியில் 93-ஆம் வயதில் மறையும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார்.

முன்கூட்டியே வந்தால் குணமாக்கலாம் என்பதை அவர் ஓயாமல் சொல்லி வந்தார். திருவண்ணாமலை அம்பிகையை உண்ணாமுலையம்மை என்று நாள்தோறும் வாயார அழைக்கும் நாவுக்கு, மருத்துவரிடம் தன் உடலைப் பற்றிச் சொல்வதில் என்ன கூச்சம்? மாதம் ஒருமுறை கையால் தடவிப் பார்த்தல், கட்டியோ தோல் சுருக்கமோ காம்பில் கசிவோ தென்பட்டால் பற்றுப் போட்டு நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுதல் ஆகியவை வயது முதிர்ந்தவர்களுக்கும் உரியவை. தமிழக அரசின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இப்பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. தனியே போகத் தயங்கும் மருமகளுக்கு, கோயிலுக்குத் துணை வரும் மாமியாரே அங்கும் துணை போகலாம்.