தாராவிக் கோளிவாடா: நகருள் மறைந்த மீனவர் கிராமம்

பெருநகரங்களின் வரலாறு பெரும்பாலும் கோட்டை, துறைமுகம், ஆலை, வங்கி ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அந்நகரங்கள் எழுமுன் அந்நிலத்தில் வாழ்ந்து உழைத்த மக்கள் முகவுரையில் ஓரிரு வரிகளாகச் சுருங்கிவிடுகின்றனர். மும்பாய் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். கோளி என்னும் மீனவ மக்கள் வழிபட்ட மும்பாதேவியின் பெயராலேயே அந்நகர் அழைக்கப்படுகின்றது. ஆயினும், அந்நகரின் தாராவியைப் பார்க்கச் செல்வோர் அதனை ஆசியாவின் மிகப் பெரிய சேரிகளுள் ஒன்றாகவே காண்கின்றனர். வழிகாட்டிகளுக்குப் பணங்கொடுத்து அதனைச் சுற்றிப் பார்ப்பதும் ஒரு வழக்கமாகிவிட்டது. அச்சேரிக்கு முற்பட்ட கிராமம் ஒன்று அதனுள்ளேயே இருப்பதை உணர்வோர் சிலரே. அக்கிராமம் தன் நீரை எவ்வாறு இழந்தது, அவ்விழப்பு யாருக்குப் பயன்பட்டது என்பனவே ஈண்டு நோக்கப்படுகின்றன.

மித்தி ஆறு மாகிம் கடற்கழியை அடையும் பகுதிக்குத் தெற்கே, மாகிம், சயன் ஆகிய புகையிரத நிலையங்களுக்கு இடையில் தாராவி அமைந்துள்ளது. அங்குள்ள கோளிகளின் குடியிருப்பே கோளிவாடா. 1909ஆம் ஆண்டில் வெளியான பம்பாய் நகர விவரத் தொகுப்பு, நகரின் ஆறு பெரும் கோளிவாடாக்களுள் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிடுகின்றது. அண்மையில் காலா கில்லா என்னும் சிறு கோட்டை இன்றும் உள்ளது. ஆளுநர் ஜோன் ஹோர்ணின் ஆணைப்படி 1737இல் கட்டப்பட்டதாக அதன் கல்வெட்டுக் கூறும். இன்று வீடுகள் நெருங்கிச் சூழ்ந்துள்ள அக்கோட்டை, ஒரு காலத்தில் நீர்வழியைக் காவல் செய்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அந்நீரே கோளி மக்களின் வாழ்வாதாரமாகவும் இருந்தது. கடல் ஏறி இறங்கும் கழியில் அவர்கள் தொழில் செய்தனர். அத்தொழில் ஒரே நாளில் அழிந்துவிடவில்லை. ஏழு தீவுகளை ஒன்றாக்கும் பணியில் அணைகளும் தாம்போதிகளும் எழுந்தன. 1840களில் மாகிம் தாம்போதி அமைக்கப்பட்டது. நீரோட்டம் தடைப்படவே கழி படிப்படியாகச் சதுப்பாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தோல் பதனிடும் தொழில் அங்கு வந்து சேர்ந்தது. பின்னர் ஆலைக் கழிவும் நகரின் சாக்கடையும் மித்தி ஆற்றை நஞ்சாக்கின. கழியின் வடபுறச் சதுப்பில் 1970களின் பிற்பகுதி முதல் பாந்திரா-குர்லா வணிகத் தொகுதி உருவாக்கப்பட்டது. 2005 யூலை 26ஆம் திகதி ஒரே நாளில் 944 மில்லிமீற்றர் மழை பொழிந்து நகர் மூழ்கியபோது, ஒடுக்கப்பட்ட அவ்வாற்றின் நிலையைப் பலரும் பேசத் தொடங்கினர். மீனவர் தொழிலை முன்னரே அழித்த அதே செயல்முறை, அன்று முழு நகரையும் தாக்கிற்று எனலாம்.

இவ்விடத்துத் தமிழர் தொடர்பும் குறிப்பிடத்தக்கது. தோல் பதனிடும் தொழிலில் முன்னின்றோருள் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற தமிழர் முக்கியமானோர். குஜராத்திலிருந்து குயவர்களும், பிற மாநிலங்களிலிருந்து பல்வகைத் தொழிலாளரும் வந்தனர். நகர நிருவாகம் பொருட்படுத்தாத சதுப்பைக் குப்பையும் மண்ணும் இட்டு நிரப்பிக் குடியிருப்பாக்கியது அவர்களது உழைப்பே. நகர் வடக்கே விரிந்தபோது, விளிம்பிலிருந்த அந்நிலம் நகரின் நடுவிடமாயிற்று; அதன் விலையும் உயர்ந்தது.

நிலத்தின் விலை உயர, அதற்கு எப்பெயர் சூட்டுவது என்பதும் பொருளாதாரப் பிரச்சினையாயிற்று. மகாராட்டிரத்தின் 1971ஆம் ஆண்டுச் சேரிப்பகுதிச் சட்டத்தின்கீழ் ஓர் இடம் சேரியாகக் கொள்ளப்படின், அங்கு வாழ்வோரின் உரிமை, குறித்ததொரு திகதிக்கு முன் குடியேறியமையை நிறுவுவதிலேயே தங்கியிருக்கும். தமது நிலம் பரம்பரை நிலம், கோளிவாடா கிராமமேயன்றிச் சேரியன்று என்பது கோளி மக்களின் வாதம். நகருக்கு முந்தியவர்களிடம் குடியேறிய திகதியைக் கேட்பதிலுள்ள முரண் வெளிப்படை. தாராவி மீள்அபிவிருத்தித் திட்டத்துக்கு அரசு 2004இல் ஒப்புதல் அளித்தது. 2022 நவம்பரில் அதானி குழுமம் அதற்கான கேள்விப்போட்டியில் வென்றது. இவ்வாதம் இதனால் மேலும் கூர்மையடைந்தது.

எனினும், மண்ணின் மைந்தர் என்னும் கோரிக்கையை விமரிசனமின்றி ஏற்பதும் பொருந்தாது. 1966இல் தோன்றிய சிவசேனை, அதே முழக்கத்தைத் தென்னிந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திருப்பியதை மறத்தலாகாது. கோளிகளின் கழியை அழித்தவர்கள் வந்தேறிய ஏழைகள் அல்லர். கழியை இழந்தவரும் சதுப்பை நிரப்பியவரும் ஒரே வரலாற்றுப் போக்கின் இரு வேறு கட்டங்களில் பாதிக்கப்பட்டவர்களே. முன்னவரின் நீரும் பின்னவரின் உழைப்பும் சேர்ந்தே இன்றைய நிலமதிப்பை உருவாக்கின. அம்மதிப்பில் இருசாராருக்கும் உரிய பங்கு யாது என்பதே அடிப்படை வினா. அவ்வினாவை எழுப்பாது தாராவியின் வறுமையை மட்டும் பார்த்துத் திரும்புவோர், அதன் வரலாற்றைக் கண்டவராகார்.