தோட்டத்துக்கு எந்த டிரில் மெஷின்?

போன சித்திரையில் எங்கள் தோட்டத்தில் ஒரு ஏக்கர் கொய்யாவுக்குச் சொட்டுநீர் போடும் வேலை பாதியில் நின்றுபோனது. பி.வி.சி. பைப் பதித்தாகிவிட்டது. லேட்டரல் குழாய் சுருள் சுருளாக வரப்பில் கிடக்கிறது. பைப்பில் ஓட்டை போட்டு இணைத்துத் தரவேண்டிய பிளம்பர் மட்டும் வரவில்லை. “நாளைக்கு வந்துடறேங்க” என்றே 8 நாள் ஓட்டிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, டவுனில் கட்டட வேலை இருக்கும்போது ஒரு மணி நேர வேலைக்கு யார் காட்டுக்கு வருவார்கள்? குடத்தில் சுமந்து ஊற்றியும் 38 கன்று காய்ந்தது. ஒன்பதாம் நாள் பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் டிரில் மெஷின் வாங்கிவந்து நானே போட்டேன். மொத்தமே 21 ஓட்டைதான்.

அடுத்த வாரமே சொந்தமாக ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று கிளம்பி, முதல்முறை ஏமாந்தும் வந்தேன். பெட்டிக்குள் மெஷினோடு நூறு சாமான் அடுக்கியிருந்தது, விலையும் மலிவு. பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, “இதுல மெஷின் எங்க இருக்கு? எல்லாம் டப்பாதான்” என்றார். ஆட்டுக் கொட்டகைப் பனங்கையில் வைத்த முதல் பிட்டே வளைந்துவிட்டது. மூன்றாவது நாள் மோட்டாரில் கருகல் வாசனை. அதற்குப் பிறகு நாலு பேரிடம் கேட்டு, கையில் பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டிரில் மெஷினில் மூன்று வகை நமக்குக் கண்ணில் படும். முதலாவது, வயர் உள்ள சாதா இம்பாக்ட் டிரில். மரம், இரும்பு, பிளாஸ்டிக், செங்கல் சுவர் எல்லாவற்றுக்கும் போகும். இரண்டாவது, பேட்டரியில் ஓடுவது. கரண்ட் இல்லாத இடத்துக்குத் தூக்கிப் போகலாம், ஸ்குரூ முடுக்க அருமை. ஆனால் பேட்டரிக்கு ஆயுள் சில வருடம்தான். ஒரு கம்பெனி பேட்டரி பெரும்பாலும் இன்னொரு கம்பெனி மெஷினில் ஏறாது. மாற்றப் போனால் மெஷின் விலையில் பெரும்பகுதியை அதற்கே கேட்பார்கள். மூன்றாவது, கான்கிரீட்டுக்கென்றே வரும் ரோட்டரி ஹேமர். உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி அடிக்கும் என்பதால் தளம், லிண்டல் எல்லாம் வெண்ணெய் மாதிரி இறங்கும். கனமும் விலையும் அதிகம், மரத்துக்கும் இரும்புக்கும் தோதுப்படாது. வருடத்துக்கு ஒருநாள் தேவை என்றால் டவுனில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

முதல் மெஷின் என்றால் வயர் உள்ள இம்பாக்ட் டிரில்லே போதும். இம்பாக்ட் என்பது உள்ளே இரண்டு பல்வட்டுகள் உரசி உரசித் தட்டுவது. செங்கல், ஹாலோபிளாக் சுவருக்கு இதுவே போதும். பழைய கான்கிரீட்டில் மட்டும் திணறும்.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது சக், அதாவது பிட்டைக் கவ்வும் வாய். 10 மி.மீ. என்றும் 13 மி.மீ. என்றும் இரண்டு அளவு உண்டு. 13 தான் வாங்க வேண்டும். விலை கொஞ்சம் கூடும், ஆனால் நம் வேலையில் 12 மி.மீ. பிட் அடிக்கடி வரும், தண்டு தடித்த ஹோல்-சாவும் வரும். பவர் 500 முதல் 650 வாட் இருந்தால் தாராளம். அடுத்தது ஸ்விட்ச். லேசாக அழுத்தினால் மெதுவாகவும், முழுக்க அழுத்தினால் வேகமாகவும் சுற்ற வேண்டும். நான் முதலில் வாங்கியதில் இது இல்லை. ஒரே வேகம், எடுத்த எடுப்பில் முழு வேகம்! இரும்பில் அப்படி வைத்தால் பிட் சூடாகி நீலம் பாய்ந்து முனை மழுங்கிவிடும். பின்னோக்கிச் சுற்றும் வசதியும் வேண்டும், மாட்டிக்கொண்ட பிட்டை எடுக்க அதுதான் வழி. இம்பாக்ட்டை அணைக்கும் குமிழ் இருக்கிறதா, பக்கவாட்டுக் கைப்பிடி கூட வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனையும் உள்ள மெஷின் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். “இதுக்குக் கார்பன் பிரஷ் இங்க கிடைக்குமா?” என்று கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் அந்த மெஷினை வைத்துவிட்டு வாருங்கள். பிரஷ் தேய்ந்துபோகிற பொருள், சின்னக் காசுதான். அது கிடைக்காவிட்டால் மெஷின் மூலைக்குப் போய்விடும்.

மெஷினில் மிச்சம் பிடித்த காசை பிட்டில் போடுங்கள். நூறு பிட் பெட்டி வேண்டாம். இரும்புக்கும் மரத்துக்கும் எச்.எஸ்.எஸ். பிட் 3, 5, 6, 8, 10, 12 மி.மீ.; சுவருக்கு, முனையில் கார்பைடு வைத்த பிட் 6, 8, 10. இதிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். சுவர் பிட்டை இரும்பில் வைக்காதீர்கள், இரும்பு பிட்டைச் சுவரில் வைக்காதீர்கள். இரண்டுமே பாழ்.

இனி நம் வேலைக்கு வருவோம். சொட்டுநீர் பைப்பில் ஓட்டை போட, குரோமெட் வாங்கும் கடையிலேயே அதற்குச் சரியான பிட்டையும் கேட்டு வாங்குங்கள். 16 மி.மீ. லேட்டருக்கு 12 மி.மீ.யை ஒட்டிய அளவு வரும். அரை மி.மீ. கூடினாலும் ரப்பர் பிடிக்காமல் ஆயுளுக்கும் ஒழுகும். கயிறு கட்டி நேர்கோடு போட்டு, மார்க்கரில் குறித்து, இம்பாக்ட்டை அணைத்துவிட்டு மெதுவாக இறக்குங்கள். பிட் உள்ளே போனதும் நிறுத்த வேண்டும், அழுத்தினால் அடிப்பக்கச் சுவரையும் குத்திவிடும். ஓட்டை விளிம்பிலுள்ள பிசிறைக் கத்தியால் வழித்துவிடுங்கள். லேட்டரை மாட்டுவதற்கு முன்னால் பைப் கடைசி மூடியைத் திறந்து மோட்டாரைப் போட்டு அலசிவிட வேண்டும். பிளாஸ்டிக் தூள் உள்ளே இருந்தால் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். நான் இதைச் செய்யாமல் ஒரு வரிசை முழுக்கக் கழற்றி மாட்டினேன்.

ஜீவாமிர்தம் வைக்கிற 200 லிட்டர் டிரம்முக்குக் குழாய் வைப்பதென்றால் ஹோல்-சா வேண்டும். கையில் இருக்கிற டேங்க் நிப்பிளின் மரையை அளந்துவிட்டு அதற்கேற்ற அளவு வாங்குங்கள், கண்மதிப்பு உதவாது. டிரம்மின் அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் துளை இருந்தால் கசடு கீழே தங்கி, தெளிந்தது வரும். “மெஷின்ல மத்து மாட்டி ஜீவாமிர்தம் கலக்கலாமா?” என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம் தம்பி. இந்த மெஷின் விட்டு விட்டு ஓட்டத்தான். தவிர, கரைசல் தெறித்துக் காற்றுத் துவாரத்தில் புகுந்தால் அத்தோடு முடிந்தது. குச்சி இருக்கிறது, கை இருக்கிறது.

மூங்கிலில் ஆணி அடித்தால் பிளந்துகொள்ளும். கணுவை ஒட்டித் துளை போட்டு போல்ட் கொடுத்தால் நிற்கும். பனங்கையில் முதலில் 3 மி.மீ., அப்புறம் 6 என்று படிப்படியாகப் போங்கள். இரும்பு ஆங்கிளில் ஆணியை வைத்து ஒரு தட்டு தட்டிக் குழி செய்துகொண்டால் பிட் நழுவாது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெதுவான வேகத்தில் இறக்குங்கள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். நாம் வேலை செய்வது ஈர மண்ணில், பல நேரம் வெறுங்காலில். மெஷின் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் இரட்டைக் காப்பு உள்ளது என்று அர்த்தம். ஆனால் தண்ணீர் உள்ளே போனால் அந்தக் காப்பு உதவாது. மோட்டார் ரூமில் டிரில்லுக்கு லைன் எடுக்கும் பிளக்குக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டுவிடுங்கள். அதன் விலை கிட்டத்தட்ட மெஷின் விலையே வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். காலில் காய்ந்த செருப்பு வேண்டும். ஒயர் 1.5 சதுர மி.மீ. காப்பர் இருக்கட்டும், சுருளை முழுக்கப் பிரித்துவிட்டே ஓட்டுங்கள், சுற்றியபடி ஓட்டினால் சூடாகி உருகும். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிற அளவுக்கு வோல்டேஜ் இறங்கிய நேரத்தில் மெஷினைத் தொடாதீர்கள். என் முதல் மெஷின் கருகியது அப்படித்தான், திணறுகிறதே என்று நான் மேலும் அழுத்தினேன்.

கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு டிரில் பிடிக்கக் கூடாது, சுற்றிக்கொள்ளும். துணிக் கையுறையும் அப்படியே. இரும்பில் துளை முடியும் தருணத்தில் பிட் கவ்விக்கொண்டு மெஷினே நம் மணிக்கட்டை முறுக்கும். பக்கவாட்டுக் கைப்பிடி அதற்குத்தான். சின்னத் தகடாக இருந்தால் கையில் பிடிக்காமல் வைஸில் மாட்டுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிட் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

ஆளுக்கொன்று வாங்க வேண்டுமா என்றால், தேவையில்லை. வருடத்தில் மொத்தமாகக் கூட்டினால் இது ஓடுவது சில மணி நேரம்தான். எங்கள் பக்கம் இப்போது 5 தோட்டத்துக்கு ஒரு மெஷின். மெஷின் பொது, பிட் அவரவர் சொந்தம் என்று வைத்துக்கொண்டோம். முதலில் பிட்டையும் பொதுவில்தான் வைத்தோம், இரண்டே மாதத்தில் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. இப்போது சண்டை சக் சாவிக்குத்தான். அதை ஒயரிலேயே சைக்கிள் டியூப் துண்டால் கட்டிவிட்டோம்.