பேர் வெட்டிய பாத்திரம்

பெசன்ட் நகர் வாரியக் குடியிருப்பில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு வெள்ளிக் கூஜா இருக்கிறது. அதன் கழுத்தில், உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிய எழுத்தில் பாட்டியின் பெயர். பக்கத்தில் அண்மையில் வாங்கிய வெள்ளி டம்ளர். அதில் பெயர் இல்லை. அடிப்பக்கம் உருப்பெருக்கியால் பார்த்தால் தர முத்திரை, 925 என்ற எண், ஆறு இலக்கக் குறியீடு.

பாத்திரத்தில் பேர் வெட்டுவது பாட்டி காலத்தில் தொடங்கிய வழக்கமன்று. பழனி அருகே பொருந்தலில் 2009-10இல் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அகழ்ந்த ஈமக்குழி ஒன்றில், பானையைத் தாங்கும் பிரிமனை மேல் 'வயிர' என்ற எழுத்து கிடைத்தது. உடனிருந்த நான்குகால் சாடியில் ஏறத்தாழ 2 கிலோ நெல். அந்த நெல்லின் காலத்தை ஆய்வகம் பொ.ஆ.மு. 490 என்று கணித்தது. இங்கே எழுத்து இருந்தது மண் பாத்திரத்தில். துருக்கியின் லிடியப் புதைமேடுகளில் எழுத்துப் பொறித்த பாத்திரங்கள் வெள்ளி. 1966இல் கொள்ளை போன அந்தப் புதையல் நியூயார்க் அருங்காட்சியகத்தை அடைந்து, 1993இல்தான் நாடு திரும்பியது.

நம் வீடுகளில் பேர் வெட்டியதற்குக் காரணம் எளியது. அன்று ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குத் தெருவே அண்டாவும் குண்டானும் கொடுத்தது. விருந்து முடிந்ததும் எது யாருடையது என்று எழுத்தே பிரித்துக் கொடுத்தது. இன்று சமையல் கான்ட்ராக்டர் பாத்திரத்தோடு வந்து, கழுவி, எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். கீறலும் இல்லை, தொலைந்ததென்ற மனத்தாங்கலும் இல்லை. இரவல் கேட்டு ஏறி இறங்கிய வாசல்களும் இல்லை.

அன்று வெள்ளியின் தரத்துக்கு ஆசாரியின் வாக்கே சான்று. இன்று, 2025 செப்டம்பர் 1 முதல், வெள்ளிக்கும் தனித்த அடையாளக் குறியீடு வந்திருக்கிறது. அதைக் கைப்பேசியில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஏமாறாமல் வாங்க முடிவது சிறிய ஆதாயமன்று.

ஆனாலும் கூஜாவையும் டம்ளரையும் சேர்த்துத் துலக்கும்போது ஒன்று தோன்றுகிறது. கூஜாவில் எத்தனை பங்கு வெள்ளி என்று எங்களுக்குத் தெரியாது. யாருடையது என்று தெரியும். டம்ளரில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. யாருடையது என்றுதான் எழுதவில்லை.