டிஃபரன்ஷியல் கவர்: பேஸ்ட் காயற நேரத்துல அவசரப்பட்டா எவ்வளவு செலவு?

முதல்ல, இந்தச் செலவு உங்க வண்டிக்கு இருக்கான்னு பாருங்க. ஸ்விஃப்ட், ஐ20 மாதிரி முன்சக்கரத்துல இழுக்கற கார்ல பின்னாடி டிஃபரன்ஷியலே கிடையாது; அது முன்னாடி கியர்பாக்ஸோடயே சேர்ந்திருக்கு. அந்த கார் பில்லுல 'ரியர் டிஃபரன்ஷியல் ஆயில்'னு ஒரு வரி வந்தா, பணம் கட்டறதுக்கு முன்னாடி கேள்வி கேளுங்க. ஈக்கோ, பொலேரோ மாதிரி பின்சக்கரம் தள்ளற வண்டிக்குத்தான் இது உண்டு. அதிலும் சிலதுல டிரெய்ன் பிளக்கைத் திறந்தே ஆயிலை மாத்திடலாம். பின்பக்க மூடியைக் கழட்டினாத்தான் சீலிங் வேலை.

அந்த மூடிக்குப் போடற சிலிகான் பேஸ்ட் சில நூறு ரூபாய். அது சரியா ஒட்டலைன்னா ஆயில் சொட்டு சொட்டா குறையும், உள்ள கிரவுன் வீலும் பினியனும் காய்ஞ்சு உரசும், வண்டி ஊளையிட ஆரம்பிக்கும். அந்த செட்டை மாத்தற செலவு ஒரு மாச இஎம்ஐயை முழுங்கிடும். "காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருக்கே சார்?" இருக்கு. ஆனா தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் அதுல விலக்கு. கல்லு அடிச்சு மூடி உடைஞ்சா கிளெய்ம் பண்ணலாம். பேஸ்ட் ஒழுகி கியர் போனா உங்க பாக்கெட்தான்.

வேலை நடக்கும்போது பக்கத்துல நில்லுங்க. பழைய பேஸ்ட்டை முழுசா சுரண்டணும். ரெண்டு பக்கமும் பிரேக் கிளீனர் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாம துடைக்கணும். பெரும்பாலான லீக் இங்கதான் ஆரம்பிக்குது, ஏன்னா எண்ணெய் மேல சிலிகான் ஒட்டாது. கியர் ஆயிலைத் தாங்கும்னு டியூப்ல போட்டிருக்கற பேஸ்ட்டா இருக்கணும். போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமா சுத்திவர, எங்கேயும் விட்டுப்போகாம ஒரே கோடா வைக்கணும். நிறைய அப்பினா நல்லதுன்னு நினைக்காதீங்க. அதிகமானது உள்ள பிதுங்கி, பிஞ்சு, ஆயில்ல மிதக்கும். போல்ட்டை எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும்.

அப்புறம்தான் காத்திருக்கற வேலை. எவ்வளவு நேரம்னு டியூப்லயே போட்டிருக்கும். முழுசா இறுக பல பேஸ்ட்டுக்கு 24 மணி நேரம் ஆகும். "சாயங்காலம் வண்டி வேணும்ணே"ன்னு நாமளே அவசரப்படுத்தினா, மெக்கானிக்கும் ஈரத்துலயே ஆயிலை ஊத்திடுவார். சனிக்கிழமை காலையில விட்டுட்டு ஞாயிறு எடுங்க. ஒரு நாள் ஆட்டோ செலவுதான்.

நல்லா ஒட்டியும் மறுபடி ஒழுகுதா? உடனே இன்னொரு தடவை லேபர் கட்டாதீங்க. ஆக்ஸில் மேல பிரீதர்னு ஒரு சின்ன காத்துத் துவாரம் இருக்கும். சேறு அடைச்சா, ஓடும்போது சூட்டுல உள்ள அழுத்தம் ஏறி, ஆயிலைச் சீல் வழியா வெளிய தள்ளும். அதைச் சுத்தம் பண்ண காசே ஆகாது.

பில்லுல ஆயில் கிரேடு, லிட்டர், கிலோமீட்டர் மூணையும் எழுதி வாங்கிக்கோங்க. ஒரு வாரம் கழிச்சு மூடியோட கீழ் விளிம்புல விரலை ஓட்டிப் பாருங்க. ஈரம் பட்டா, அந்த பில்லோடயே அதே கடைக்குப் போங்க.