ஓர் இடைச்சொல்லின் வரலாறு



ஜெர்மன் மொழியை நான் கற்கத் தொடங்கிய நாளில், 'உண்ட்' என்னும் சொல்லைக் கண்டு பெரிதும் மகிழ்ந்தேன். 'இரவும் பகலும்' என நாம் உம்மை கொடுத்து எண்ணுமிடத்தில் ஜெர்மானியர் 'உண்ட்' என்பர். இரண்டிலும் உகரம் உண்டு; இரண்டின் தொழிலும் ஒன்றே. ஆகவே இவை ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அது பிழை. அப்பிழை எங்ஙனம் விளங்கிற்று என்பதையே இன்று கூற விரும்புகிறேன்.

ஒரு சொல்லின் பிறப்பை அறிய, அதன் இன்றைய ஒலியை மட்டும் நோக்குதல் போதாது. பழைய வடிவங்களையும், இனமொழிகளில் அது பெற்றுள்ள வடிவங்களையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். ஆங்கிலத்தில் அது 'அண்ட்'. டச்சு மொழியில் 'என்'. பழைய உயர் ஜெர்மன் ஏடுகளிலோ 'அண்டி', 'எண்டி', 'இண்டி', 'உண்டி' என்று பலவாறு வழங்கிற்று. முதல் உயிர் மாறிக்கொண்டே வருகிறது. பழைய வடிவங்களில் மாறாது நிற்பவை இடையிலுள்ள மெய்களே. நம் உம்மையில் அம்மெய்கள் இல்லை. நான் உறவென்று கொண்ட உகரம் தற்செயலான ஒற்றுமையே.

இச்சொல்லின் வேர் யாது? 'எதிரே', 'முன்னே' என்னும் பொருளுடைய கிரேக்க 'அன்டி', இலத்தீன் 'அன்டே', வடமொழி 'அந்தி' ஆகியவற்றோடு இதனை இணைப்பர் அறிஞர் பலர். ஒன்றன் எதிரே மற்றொன்றை வைப்பது, நாளடைவில் ஒன்றோடு மற்றொன்றைக் கூட்டுவதாயிற்று என்பது அவர் கருத்து. விடை எனப் பொருள்படும் ஆங்கில 'ஆன்சர்', ஜெர்மன் 'அன்ட்வோர்ட்' ஆகிய சொற்களின் முற்பகுதியில் 'எதிர்' என்னும் பழம்பொருள் இன்றும் உறைந்து கிடக்கிறது.

வடபுலத்து ஜெர்மானிய மொழிகள் வேறு வழி சென்றன. பழைய நார்ஸ் மொழியில் 'ஓக்' என்பதே இணைப்புச் சொல். இன்றைய டேனிஷ், நார்வீஜியன், சுவீடிஷ், ஐஸ்லாந்திய மொழிகளின் இணைப்புச் சொற்கள் அதன் வழிவந்தவை. இதன் உறவாகிய டச்சு 'ஓக்', 'கூட' என்னும் பொருளது. ஆங்கிலத்திலும் இவ்வினத்தைச் சேர்ந்த 'ஈக்' முன்னர் வழங்கிற்று. கூடுதற்பெயரை 'அன் ஈக்நேம்' என்றனர். முன்னின்ற னகரம் பெயரோடு ஒட்டிக்கொள்ள, அது 'நிக்நேம்' ஆயிற்று.

கீழ்த்திசைக் கோத்தியரின் மொழி இன்று வழக்கிழந்தது. 4ஆம் நூற்றாண்டில் உல்பிலா விவிலியத்தை மொழிபெயர்த்தமையால் அதனை நாம் அறிகிறோம். அதில் 'யாஹ்' என்பது இணைப்புச் சொல். அன்றியும், சொல்லின் ஈற்றில் ஒட்டும் 'உஹ்' என்பதும் உண்டு. இது இலத்தீன் 'க்வே', வடமொழி 'ச' ஆகியவற்றின் உறவு. ஈற்றில் நிற்பதால் நம் உம்மையை நினைவூட்டும். ஆயினும் இடம் ஒத்தல் வேறு, இனம் ஒத்தல் வேறு.

இன்னொரு வியப்பும் உண்டு. ஃபின்னிய மொழி ஜெர்மானிய இனத்தது அன்று. ஆயினும் அதன் இணைப்புச் சொல்லாகிய 'யா', கோத்திய 'யாஹ்' பிறந்த பழஞ்சொல்லைக் கடனாகப் பெற்றதே. உண்மையான தொடர்பு இருப்பினும் அது பிறப்புறவாக இராது, கடனாகவும் இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

தமிழின் தொன்மையில் பெருமிதம் கொள்ளும் நமக்கு, ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு உறவு கற்பிக்கும் ஆசை எளிதில் எழும். மாணவர்களே, அவ்வாசை எழும்போது பழைய வடிவம் யாது, இனமொழிகள் கூறுவது யாது, கடனாக வந்ததோ என மூன்று வினாக்களை எழுப்புங்கள். நான் எழுதிய வரியை இவ்வினாக்களே அடித்துவிட்டன.